கம்பியில் கோத்த சீட்டுகள்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி கொடுத்தனுப்பிய செம்புக் கம்பி மூன்று நாளாக என் மேசைமேல் கிடக்கிறது. அதில் கோத்திருக்கும் சீட்டுகள் எல்லாம் நான் எழுதியவை. ‘சி பிளாக் நாலு, ஃபேன் சுற்றவில்லை.’ ‘ஏ பிளாக், மாடிப்படி விளக்கு.’ காற்றில் அவை சலசலக்கும்போதெல்லாம் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துகிறேன். புழுக்கம் தாங்காமல் மறுபடி போடுகிறேன்.

அடையாறில் நம் அரசு நிறுவனத்தின் குடியிருப்பில் நீ வயர்மேன். புகார்களை எழுதிக் கொடுக்கும் குமாஸ்தா நான். ஆறு வருடம் தினக்கூலியாக இருந்தாய். அடுத்த வருடம் நிரந்தரமாகிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், நீங்கள் எல்லோரும் இனி கான்ட்ராக்டரின் ஆட்கள் என்று ஒரு தாள் வந்தது. அதே ஏணி, அதே கட்டிங் பிளேயர், அதே மாடிப்படிகள். “வேல மாறல மச்சி, ஓனர்தான் மாறிட்டான்” என்று சிரித்தாய். பிறர் முன்னால் நான் உனக்கு சார். தனியாக இருந்தால் மச்சி.

புகார்களைக் கான்ட்ராக்டரின் மேற்பார்வையாளரிடம்தான் தர வேண்டும் என்று உத்தரவு. அந்த மனிதர் மாதத்துக்கு ஒருமுறை தலைகாட்டினால் அதிசயம். அதுவரை குடியிருப்பவர்களை இருட்டில் உட்காரச் சொல்ல முடியுமா? பழைய வழக்கப்படி சீட்டை உன்னிடமே நீட்டினேன். அவசரத்தில் கையெழுத்துகூடப் போடுவதில்லை. வேலை முடிந்ததும் அதை நீ கம்பியில் குத்திவைப்பாய். “எதுக்குடா இந்தக் குப்பை?” என்று கேலி செய்தேன். “கெடக்கட்டும் மச்சி. நாளிக்கு எவனா கேட்டா?” என்றாய்.

கான்ட்ராக்டர் உங்களை வேலையைவிட்டு நிறுத்தி, நீங்கள் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு வேலை சொன்னது நிறுவனம்தான், கான்ட்ராக்டர் வெறும் காகிதத்தில்தான் என்று நிரூபிக்க உன்னிடம் அந்தக் கம்பியைத் தவிர வேறெதுவும் இல்லை. விசாரணைக்கு முந்தின நாள் மேலதிகாரி என்னை அழைத்தார். “உத்தரவை மீறினது யாருன்னு அடுத்து கேப்பாங்க. யோசிச்சுக்கோங்க” என்றார். யோசித்தேன். கோழை யோசிப்பதுபோலத்தான் யோசித்தேன்.

மறுநாள் தேனாம்பேட்டையில், தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. சீட்டுகளைக் காட்டி, “உங்க எழுத்தா?” என்று கேட்டார்கள்.

“மாதிரிதான் இருக்கு. உறுதியாச் சொல்ல முடியாது” என்றேன்.

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்தாய்.

வழக்கு தோற்றது. சிந்தாதிரிப்பேட்டையில் மிக்ஸி ரிப்பேர் கடை போட்டாய். ஒருமுறை உன்னைத் தேடி வந்தேன். டீ வாங்கிக் கொடுத்தாய். “உடு சார். உனுக்கும் கொயந்த குட்டி கீது” என்றாய். கடையில் நம் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

நேற்று சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவி, அடியில் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் ஓய்வு பெற்றாயிற்று. இனி யாரும் என்னை எதுவும் செய்ய முடியாது. அது தெரிந்ததால்தான் போட்டேனோ என்று மனம் நிலைகொள்ளவில்லை. எல்லாவற்றையும் திரும்பக் கம்பியில் கோத்துவிட்டேன்.

என் எழுத்துதான், மச்சி.