ஆள் நுழையாத ஸ்டால்

பழங்காநத்தம், மதுரை
14-5-86

அன்பு மகள் ஜெயக்கொடிக்கு அப்பா பேயாண்டி எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்றுதான் முதலில் எழுதினேன். பக்கத்தில் இருந்த உன் அம்மா பெற்ற மகளுக்கே பொய்யா என்று கேட்டாள், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். பதறாதே, இரண்டு பேரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், வேளைக்குச் சோறு இறங்குகிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டும் டெல்லி வெயிலைத் தாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை வழக்கம்போல அடுப்படியில் நின்றுகொண்டு அரையும் குறையுமாகப் படிக்காதே தாயி. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி. கடைசியில் உன்னை ஒரு காரியம் செய்யச் சொல்லப் போகிறேன். அதைச் செய்து முடிக்கும்வரை மாப்பிள்ளை உனக்குப் பழக்கிவிடுகிறேன் என்று சொன்ன அந்த ஸ்கூட்டரின் மேல் நீ கை வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்பாய். நீ என் மகள், கேட்காமல் இருந்தால்தான் அதிசயம், அதனால் நடந்ததை முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எல்லாரும் அப்பு கர் என்ற அந்தப் பெரிய விளையாட்டுப் பூங்காவுக்குப் போய்வந்ததை நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. உன் அம்மா சத்தமாகப் படித்தாள், என்னோடு பதினோரு வருஷமாக ஒரே வண்டியில் வேலை பார்க்கும் கண்டக்டர் சின்னச்சாமியும் அப்போது வீட்டில் இருந்தான். மோதிக்கொள்கிற சின்னக் காரில் நீ ஏறிச் சின்னப் பிள்ளைகளிடம் எல்லாம் இடி வாங்கியதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன், டிரைவர் மகள் மானத்தை வாங்கிவிட்டாள் என்றேன். சின்னச்சாமி மட்டும் சிரிக்கவில்லை, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. உன் கடிதத்தைக் கேட்ட ஆசையில்தான் நாமும் தமுக்கத்துக்குப் போய்வருவோம், சித்திரைப் பொருட்காட்சி முடிவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம்.

உன் அம்மாவின் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. ஊரே ராட்டினத்துக்கும் மரணக் கிணற்றுக்கும் டெல்லி அப்பளத்துக்கும் முண்டியடித்துக்கொண்டு நிற்கும், இவள் ஒரு ஆளும் எட்டிப் பார்க்காத சர்க்கார் ஸ்டாலாகப் பார்த்து நுழைவாள். எல்லாரும் ஏறுவதில் நாமும் ஏறி என்னத்தைக் காணப்போகிறோம் என்பாள். மீன் வளர்ப்பு, தீயணைப்பு, பட்டுப்பூச்சி என்று எதையும் விடமாட்டாள், சும்மா கொடுக்கிற நோட்டீசை எல்லாம் வாங்கி அலமாரித் தட்டுக்கு விரிப்பாள். சின்னப் பிள்ளையில் நீ ராட்டினத்துக்கு அழுவாய், அவள் உன்னைக் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள், நீ அழுகையை மறந்து முக்கால் மணி நேரம் அங்கேயே நிற்பாய். இந்தத் தடவை கால் வலிக்கிறது, அந்தக் கொட்டகையில் ஃபேன் ஓடுகிறது, ஆளும் இல்லை, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவோம் என்று அவள் என்னை இழுத்துக்கொண்டு போனது சாலைப் பாதுகாப்பு ஸ்டால். கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அங்கே டிரைவர் சீட் மாதிரி ஒன்று, ஸ்டீரிங், காலுக்கு ஒரு பிரேக், எதிரே அரை வட்டமாக ஒரு பலகை, அதில் வரிசையாக இருபது பல்பு. நடுவில் இருக்கும் பச்சைப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, எந்தப் பக்கம் பல்பு எரிந்தாலும் உடனே பிரேக்கை மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு இது ஒரு பரீட்சையா என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். பதினொன்று என்றார் அதிகாரி. இன்னொரு தடவை ஓட்டினார், அப்போதும் பதினொன்றுதான். நான் விட்ட ஒன்பதும் இடது பக்கத்துப் பல்பு. பல்பு பியூஸ் போயிருக்கும் பாருங்கள் என்று அவரோடு சண்டைக்குப் போனேன். அவர் உன் அம்மாவைப் பார்த்து நீங்கள் உட்காருங்களம்மா என்றார். ஆயுசில் ஸ்டீரிங்கைத் தொட்டறியாத உன் அம்மா சோலையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து இருபதுக்கும் மிதித்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் டவுன் பஸ்ஸில் ஜனங்கள் பார்க்க அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், நாலு மாசமாக இடது பக்கம் வைத்த டம்ளரை எல்லாம் தட்டிவிடுகிறீர்கள், நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்கிறீர்கள், நாளைக்கு வண்டி எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னாள். டெப்போவில் வருஷா வருஷம் கண் பரிசோதனை செய்கிறார்கள், ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன், உன் பல்புக்குப் பயந்து வீட்டில் படுக்கச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை விடியற்காலையில் பேரையூர் வண்டியை எடுத்தேன். அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும், ஒவ்வொரு இடது திருப்பத்திலும் சின்னச்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்பக்கம் வந்து நின்றுவிடுகிறான். வெளியே தலையை நீட்டிப் பார்த்து, வரலாம்ணே, போலாம்ணே என்கிறான். இத்தனை மாசமாக அவன் பேச்சுத் துணைக்கு வருகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேரையூரில் வண்டியை நிறுத்தி ஆட்கள் இறங்கியதும் அவனைப் பிடித்துக் கேட்டேன். டிக்கெட் பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னான்: "போன புரட்டாசியில கல்லுப்பட்டி ஸ்டாப்புல ஒரு பொம்பள கத்திரிக்காக் கூடையோட எறங்கி எடப்பக்கமா வண்டிக்கு முன்னால வந்தாளேண்ணே. நீங்க அவளப் பாக்கவே இல்ல. நான் விசில் அடிக்கவும்தேன் வண்டி நின்னுச்சு. அன்னையில இருந்து ஒங்களுக்கு அந்தப் பக்கத்துக் கண்ணு நாந்தேன்."

எனக்கு அந்தப் பெண்ணை ஞாபகம் இருந்தது. காய் எல்லாம் ரோட்டில் சிதறி, நடுங்கிக்கொண்டு நின்றவளை, சாகிறதுக்கு என் வண்டிதான் கிடைத்ததா என்று கேட்டுவிட்டு வந்தவன் நான். சின்னச்சாமி மேல் முதலில் பொல்லாத கோபம் வந்தது. அவனுக்கு அடுத்த மாசம் வேறு ரூட், அப்புறம் எவனடா எனக்குக் கண்ணாக நிற்பான், அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா என்று கத்தினேன். ஒங்கள ஸ்டீரிங்க விட்டு எறக்குற பாவத்த நான் எப்பிடிண்ணே செய்வேன் என்று அவன் அழுதுவிட்டான். அதற்குள் திரும்புகிற டிரிப்புக்கு ஜனங்கள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிற கூட்டம், கைப்பிள்ளைக்காரிகள், ஐம்பது பேருக்குக் குறையாது. நேரம் ஆகிவிட்டது, விசிலும் அடித்துவிட்டான். சாவியைத் திருகக் கை போனது, திருக முடியவில்லை. பின்னால் இருந்து என்ன டிரைவரே தூக்கமா என்று யாரோ கேட்டார்கள். சீட்டில் இருந்து இறங்கி, பக்கத்தில் ஓய்வில் இருந்த காளை என்ற இன்னொரு டிரைவரிடம் போய் வயிற்றைக் கடுக்கிறது என்று பொய் சொல்லி அவனை ஓட்டச் சொன்னேன். இடது பக்கம் முதல் சீட்டில் ஜன்னலோரம் நான் பயணியாக உட்கார்ந்து வந்தேன் தாயி. இந்த ரூட்டில் பதினோரு வருஷம், அந்தப் பக்கத்தைத் தலையை நன்றாகத் திருப்பிவைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். கைக்கு எட்டும் தூரத்தில் இம்புட்டுப் பேரா என்று இருந்தது. சோளத்தட்டை சுமந்து போகிறவள், அரைப் பெடல் போட்டுச் சைக்கிள் ஓட்டிப் போகிற பிள்ளைகள், ஆட்டை இழுத்துக்கொண்டு நிற்கிற கிழவன், எல்லாரும் பஸ்ஸை நம்பித்தான் ஓரமாக ஒதுங்கி நிற்கிறார்கள். திருமங்கலம் வரும்வரை என் வலது கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

நேற்று உன் அம்மா என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பு கெட்டிருக்கிறதாம், வலியே தெரியாமல் ஓரத்தில் இருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருமாம், நேரே இருக்கும் எழுத்து நன்றாகத் தெரிவதால் ஆளுக்குச் சந்தேகமே வராதாம். போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். அங்கிருந்து நேரே டெப்போவுக்குப் போய் மேனேஜரிடம் நானே சொல்லிவிட்டேன். இனி வண்டி கிடையாது. என்ன வேலை கொடுப்பார்கள் என்று தெரியாது, அது கிடக்கட்டும், அதற்காக இந்தக் கடிதம் இல்லை. டாக்டர் கடைசியாக உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். ஒரே மகள், டெல்லியில் இருக்கிறாள், முப்பத்தொரு வயது என்றேன். இது ரத்தத்தில் வரும், அந்தப் பெண் உடனே கண்ணைக் காட்ட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா அலமாரியில் இருந்து உன் கடிதத்தை எடுத்து அந்த மோதும் கார் இருக்கும் பக்கத்தை மட்டும் படித்தாள். "இடது கைப் பக்கமாகவே வந்து வந்து இடிச்சாங்கப்பா, பக்கத்துல வர்ற வரைக்கும் ஒருத்தர்கூட என் கண்ணுல படல" என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை இதைக் கேட்டுத்தான் நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். நேற்று அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை, நான் வாங்கினேன், என்னாலும் முடியவில்லை. வெறும் விளையாட்டாக இருக்கலாம், நெரிசலாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நேற்றில் இருந்து அழகர்சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என் மூக்கும் என் முன்கோபமும் உனக்கு வந்தபோது பெருமைப்பட்டவன் நான், இது மட்டும் வந்திருக்கக் கூடாது.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் நாளைக்கு நாளன்றைக்கு என்று சொல்லாமல் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. எழுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு நன்றாக இருக்கிறது என்று அனுப்பினால் வந்துவிடாதே, ஓரப் பார்வையைப் பாருங்கள், கண் பிரஷரைப் பாருங்கள், என் அப்பாவுக்கு இருக்கிறது என்று வாய் திறந்து சொல். அதுவரை ஸ்கூட்டர் வேண்டாம், பிள்ளைகளோடு ரோட்டைத் தாண்டும்போது தலையை முழுக்கத் திருப்பிப் பார். இன்னொன்று, அடுத்த தடவை அந்தப் பூங்காவுக்கோ வேறு பொருட்காட்சிக்கோ போனால் பிள்ளைகள் ராட்டினம் சுற்றட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே வருவதற்குள் வரிசையே இல்லாத ஒரு ஸ்டால் எங்கேயாவது இருக்கும், அதற்குள்ளும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. இதை உன் அம்மா எழுதச் சொன்னாள், இனிமேல் அவள் சொல்வதை நான் கேட்பதாக இருக்கிறேன்.

மீனாட்சி தாயும் நம் குலசாமியும் உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் துணை இருக்கட்டும், நீண்ட ஆயுசோடு நிறைந்த கண்ணோடு இருங்கள். மறந்துவிடாதே, டாக்டர் கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தந்தி ஆபீசுக்குப் போய் 'இருபது' என்று ஒரே ஒரு வார்த்தை அடி, உன் அம்மாவுக்குப் புரியும். வேறு மாதிரிச் சொன்னால் தந்தி வேண்டாம், பத்து நாள் பார்ப்போம், தந்தி வரவில்லை என்றால் நாங்களே புறப்பட்டு வாரோம், உன் இடது பக்கத்தில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
தந்திக்காரன் வரும் வழியைப் பார்த்து வாசலில் உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா,
பேயாண்டி