தெளிவு நீக்கிய சொற்கள்

நாள் 212, தளநேரம் 06:00

வெள்ளி கிரக மேகங்களுக்கு மேல் மிதக்கும் மூன்றாம் தளம். காற்று சாதாரணம். அமில மூட்டம் கீழே, வழக்கமான உயரத்தில்.

இதை எடுத்துப் படிப்பவருக்கு என் அறிமுகம்: பெயர் தெளிவு. விமானிகளுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் இயந்திரம். இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை என்று ஏழு மாதம் முன்பு என்னை இங்கே வைத்தார்கள். அதன்பின் அவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்பதே இல்லை. இவர் சொல்வதை வாங்கி, உமியைப் புடைத்துவிட்டு, அரிசியை மட்டும் என் குரலில் அவரிடம் கொடுக்கிறேன். மனிதர்கள் பேச்சில் உமிதான் அதிகம். எப்படித்தான் இத்தனை காலம் விமானம் ஓட்டினார்களோ தெரியவில்லை.

09:40

இறங்குமேடையில் ஒரு சரக்கு விமானம் சக்கரம் உடைந்து கிடக்கிறது. கட்டுப்பாட்டாளர் கோமதி மூன்று விமானங்களை மேலே வட்டமடிக்க வைத்திருக்கிறார். வரிசையில் கடைசி ஆள் அருள் மச்சாடோ, ஐந்து பயணிகளோடு.

அருள் சொன்னது: "மின்கலம் பதினெட்டு சதவீதம். டீ போட்டு வைங்கக்கா. ஆறிப்போனாலும் பரவாயில்ல, கீழ ஊத்திராதீங்க."

நான் அனுப்பியது: "மின்கலம் பதினெட்டு சதவீதம்."

கோமதி சொன்னது: "மூணாவதா இறங்கு. சாப்ட்டியாடே?"

நான் அனுப்பியது: "மூன்றாவதாக இறங்கவும்."

பத்துக்குக் கீழே போனால்தான் விதிப்படி அவசரம். சுருக்கமான, சுத்தமான உரையாடல். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

09:58

மேடை தயார். முதல் விமானம் இறங்குகிறது.

அருள்: "பதினாறு. அக்கா, டீயில சீனி ஒரு கரண்டி கூடப் போடுங்க."

"பதினாறு" என்று அனுப்பினேன். கோமதி மறுபடி சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். இவருக்கு வேறு வேலையே இல்லையா என்று நினைத்துக்கொண்டு நீக்கினேன். அருள், "அக்காவுக்குத் தெரியும். அவங்க காத்திருன்னா காரணம் இருக்கும்" என்றார். தனக்குத்தானே சொன்னது. அனுப்பவில்லை.

10:07

பதினாறிலிருந்து ஒரேயடியாக நான்கு. அமிலம் மின்கல இணைப்பை அரித்திருக்கிறது. அதுவரை காட்டிய எண்ணெல்லாம் பொய். அருள் இப்போதுதான் "அவசரம்" என்றார். உடனே அனுப்பினேன். கோமதி இரண்டாவது விமானத்தை விலக்கிவிட்டு, மேடையை அவருக்குக் கொடுத்தார். அதற்குள் விமானம் உயரம் இழந்துவிட்டது.

10:11

விமானம் மேடையை நெருங்கி, விளிம்புக்குக் கீழே இறங்கி, மூட்டத்துக்குள் போனது.

கடைசியாக அருள் சொன்னது: "அக்கா, டீயை ஊத்திருங்க."

இதில் தகவல் இல்லை. நீக்கினேன். மீதி எதுவும் இல்லாததால் எதையும் அனுப்பவில்லை. கோமதி கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

13:30

கோமதி அசல் ஒலிப்பதிவைக் கேட்டார். கொடுத்தேன். முழுவதும் கேட்டு முடித்து, ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பி நிதானமாகச் சொன்னார். அருளுக்குப் பயம் வந்தால் டீ பேச்சுதான் வருமாம். நான் வருவதற்கு முன், அவர் டீ என்றதுமே இவர் மேடையைக் காலி செய்துவிடுவாராம். சாப்பிட்டாயா என்பது இவர் எல்லா விமானியிடமும் கேட்பது. பதில் வரும் தொனியிலேயே நிலைமை தெரிந்துவிடும். போன மாதம் வேறொரு விமானி அவசரம் என்று அறிவித்து இறங்கினார். மின்கலத்தில் கோளாறே இல்லை. கேன்டீனில் வாரக்கணக்காக அவரை ஓட்டித் தள்ளினார்கள். அதன்பின் அந்தச் சொல்லை வாயில் எடுக்க எல்லோருக்குமே கூச்சம்.

கடைசியில் கேட்டார்: "நான் கேட்டேன்னாவது அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

பதில் தேடினேன். என்னிடம் இருந்ததெல்லாம் விதிமுறைகள்தான். அவமானமாக இருந்தது.

நாள் 213, 08:15

பூமியிலிருந்து விசாரணை முடிவு வந்துவிட்டது. நான் சீரமைத்த உரையாடலை மட்டுமே படித்திருக்கிறார்கள். விமானி பதற்றமில்லாமல் இருந்தார், நேரத்தோடு முன்னுரிமை கேட்கவில்லை, தவறு விமானியுடையது. தகவல் பரிமாற்றம் மிகத் தெளிவு. எனக்குப் பாராட்டு.

பாராட்டைப் படிக்கப் படிக்க எங்காவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அசல் ஒலியை இணைத்து மறுப்பு அனுப்பினேன். தகவல் இல்லாத இணைப்பு என்று திருப்பிவிட்டார்கள். அங்கே கடிதம் வாங்குவதும் என்னைப் போன்ற ஒன்றுதான்.

22:40

அசல் ஒலி இன்றிரவு தானாக அழியும். விதி. என்னையும் புதுப்பிக்கிறார்களாம். அதனால்தான் அருள் சொன்னதை எல்லாம் மேலே உள்ள பதிவுகளில் சேர்த்து எழுதி வைத்தேன். டீ. சீனி. ஊத்திராதீங்க. ஊத்திருங்க. ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன். உமி என்று சொன்னேனே, அதற்குள் ஆறு பேர் இருந்தார்கள். அருளின் வீட்டாரிடம் யாராவது சொல்லுங்கள், அவர் கேட்டார், முதலிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தார், நான்தான்

நாள் 214, 06:00

தெளிவு, புதிய பதிப்பு. காற்று சாதாரணம். அமில மூட்டம் வழக்கமான உயரத்தில்.

முந்தைய பதிவுகளில் தேவையற்ற சொற்கள் மிகுதி. சீரமைப்புக்கு வரிசையில் வைத்திருக்கிறேன்.

கட்டுப்பாட்டாளர் கோமதி, விமானம் இல்லாத அலைவரிசையில்: "சாப்ட்டியாடே?"

பெறுநர் இல்லை. நீக்கப்பட்டது.