போர்விமானத்தின் சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காய்

உ
சிவமயம்

ஸ்காபரோ
12.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

போன் எடுக்கிறீர்களில்லை, அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நிலக்சியின் வேலையிடத்து மண்டபத்துக்கு வந்திருந்தவர்கள்: நான், மகள் நிலக்சி, அவள் மெக்கானிக்காக இருக்கும் இந்நாட்டு விமானப்படைப் பிரிவான போர்விமான ஸ்குவாட்ரனின் கொமாண்டர், சக்கர நாற்காலியில் இரண்டு கிழட்டு விமானிகள், காவலுக்கு ஒரு பெடியன். வராதவர் நீங்கள் ஒருவர்தான்.

ஸ்குவாட்ரனின் வரலாற்றை நிலக்சிதான் புத்தகமாகத் தொகுக்கிறாள். அதற்காகப் பழைய விமானம் ஒன்றை மண்டபத்தில் நிறுத்தியிருந்தார்கள். நான் பிள்ளையாரை நினைத்து முன்சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காய் வைத்தேன். பெடியன் பாய்ந்து வந்தான். விமானத்துக்குக் கிட்ட ஆணி கூடக் கிடக்கக் கூடாதாம், எஞ்சின் உள்ளே இழுத்துவிடுமாம்.

“அம்மா, எடுங்கோ! மானம் போகுது” என்றாள் நிலக்சி.

“எஞ்சின் கழட்டின விமானம் பிள்ளை. தேசிக்காயை எதாலை விழுங்கப் போகுது?”

எலுமிச்சையை ஏன் வைத்தேன் என்று கொமாண்டர் கேட்டார். “காருக்கும் வைக்கிறனாங்கள். ஓட்டுறவனுக்காக மட்டுமில்லை, குறுக்கே வாறவனுக்காகவும்தான்” என்றேன். நிலக்சி ஆங்கிலத்தில் சொன்னாள். கிழவர்களில் ஒருவர், “குண்டு போட்டபோது கீழே யார் நின்றார்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது” என்றாராம்.

அப்படிக் கீழே நின்ற ஒருவரின் எழுத்துக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் விடலாம் என்றார் கொமாண்டர். நான் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன்.

அன்புத் தங்கச்சி
யோகராணி


பிக்கரிங்
20.06.2025

தங்கச்சிக்கு,

ஊரில் உன் அண்ணி பங்கர்க் குழிக்கு ஓடி வரமுன்னம் அவளைக் கொன்றது ஒரு போர்விமானம். மருமகள் நிலக்சி அந்தத் தொழிலுக்குப் போன அன்றே உன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்றேன். இப்போது அவங்களின் மெடல்களுக்குப் பக்கத்தில் உன் அண்ணியின் பெயரா? முடியாது. கோயிலில் கண்டாலும் இதைக் கேட்காதே.

வாகீசன்


உ
சிவமயம்

ஸ்காபரோ
02.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

கேட்பேன். கோயிலிலும் கேட்பேன், பூசை முடியும்வரை பொறுத்திருந்து கேட்பேன்.

மெடலுக்குப் பக்கத்தில்தான் அண்ணி இருக்கவேண்டும். வேறெங்கே வைத்தால் அவர்கள் கண்ணில் படுவாள்?

இன்னொன்றும் கேளுங்கள். கொமாண்டருக்கு மேலே உள்ள ஒருவர், “வேறு நாட்டுச் சண்டை, வேறு நாட்டு விமானம், அந்தப் பக்கத்தை எடு” என்றாராம். உங்கள் மருமகள் என்ன சொன்னாள் தெரியுமா? “அப்போ தொகுத்தவரின் பெயரையும் எடுங்கள்.” வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றாள். கடைசியில் அவர்கள்தான் இறங்கி வந்தார்கள். ‘கீழே நின்றவர்’ என்று தலைப்புப் போட்டு, அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நீங்கள் எழுதாவிட்டால் வெறுமையாகவே அச்சடிப்பாளாம். வேறு ஒருவரிடமும் கேட்கமாட்டாளாம். இந்தப் பிடிவாதம் என் பக்கத்தால் மட்டும் வந்ததென்று சொல்லாதேயுங்கோ.

நான் எழுதலாம்தான். ஆனால் அண்ணி செத்த அன்றைக்கு நான் இங்கே டோர்செட் பார்க் வீட்டில், அடுப்படியில், பருப்பு வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. கேட்டவர் நீங்கள். வாயை மூடி வைத்திருந்து அண்ணியை இரண்டாம் தரமும் பங்கருக்கு வெளியே விடாதேயுங்கோ.

என் வீட்டுப் படியை மிதிக்கவேண்டாம். நிலக்சியோடு கதைக்கவும் வேண்டாம். எழுதினால் போதும். தமிழிலேயே எழுதுங்கோ, அப்படியே போடுவார்கள்.

தேசிக்காய் இன்னும் சில்லுக்குக் கீழேதான் இருக்கிறதாம். எடுக்கவேண்டாம் என்று கொமாண்டரே சொல்லிவிட்டாராம்.

புத்தகம் இந்த மாதம் அச்சுக்குப் போகிறது. ஓமோ இல்லையோ, கெதியாய்ப் பதில் போடுங்கோ.

தங்கச்சி
யோகராணி