சூப்பைச் சந்தேகிக்காத ஞானி

பெர்கன், திங்கட்கிழமை, வழக்கம்போல் மழை

அன்புள்ள அப்பாவுக்கு,

தூர்டிஸ் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பதறாதீர்கள், தத்துவப் பரீட்சையில் ஃபெயில். பல் பிடுங்கப் படிக்க வந்தவளுக்கும் இங்கே முதல் பரீட்சை அதுதானே! "பாடப்புத்தகம் எதுக்கும்மா? இந்த நாவலைப் படி, தத்துவ வரலாறு தானா மண்டையில ஏறும்" என்றது நீங்கள்தான். நன்றாக ஏறியது. எல்லாவற்றையும் சந்தேகிக்கும் பிரெஞ்சு ஞானியிடம் நாவலில் வரும் வீட்டுக்காரம்மா, "என் சூப்பை மட்டும் எப்படிங்க நம்பிக் குடிக்கிறீங்க?" என்று மடக்குவாளே, அந்தக் கற்பனைப் பெண்ணையும் ஒரு தத்துவஞானியாக்கி விடைத்தாளில் அரைப்பக்கம் எழுதிவிட்டேன்.

ஏன் ஃபெயில் என்று கேட்கப் போனால், திருத்தியவர், "இந்த அம்மா எந்த நூற்றாண்டு?" என்கிறார். விஷயம் விடுதி முழுக்கப் பரவி, சமையலறைக்குள் நுழைந்தாலே, "வாங்க ஞானி, சூப் இருக்கா இல்லையா?" என்று கேலி. மானம் போகிறது!

ஆத்திரத்தில் நாவலை உங்களுக்கே தபாலில் அனுப்பிவிட்டேன். வந்ததும் திருப்பி அனுப்புங்கள், நீங்கள் பின்னிய கம்பளிக் காலுறையோடு. மறுபரீட்சைக்குப் பாடப்புத்தகம்தான் படிக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. இந்தத் தடிப் புத்தகத்தில் ஒருத்தர்கூட யாரையும் "சாப்பிட்டியா?" என்று கேட்கவில்லை, அப்பா.

உங்கள்
தூர்டிஸ்