புளி போட்டுத் துலக்கிய பதக்கங்கள்

என் அன்பு ஐயாவுக்கு,

சுகம் விசாரித்து எழுதும் இடத்தில் நீங்கள் இல்லை. ஆனாலும் கை பழக்கத்தில் அதைத்தான் எழுதப் பார்க்கிறது. இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு. வாய்க்கு மட்டும் ஒரு நோவும் இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் இன்னமும் உங்கள் கதிரைப் பக்கம் திரும்பிவிட்டு, "என்ன கப்பல் எண்டு சொல்ல ஆளில்லை" என்று முணுமுணுக்கிறார்.

ஐயா, உங்கள் பதக்கம் வந்துவிட்டது. கோபிக்க வேண்டாம். நீங்கள் கேட்கவே மாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டுதான் நான் கேட்டேன்.

நிலாவெளி வீதிப் பட்டாள மயானத்துக்கு நீங்கள் என்னைக் கூட்டிப்போன காலைகளை நினைத்துப் பார்க்கிறேன். யுத்தத்தில் செத்தவர்களை நினைக்கும் நாள். உங்களோடு வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர்கள் நெஞ்சில் பதக்கம் குத்திக்கொண்டு முன்வரிசையில் நிற்பார்கள். நீங்கள் மட்டும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு கடைசி வரிசையில். பையில் ஒரு பேனை கூட இராது. எனக்கு அழுகையாக வரும்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொன்னாள், "உன்ர ஐயா பட்டாளத்தில குசினியில கிழங்கு உரிச்சவராம்." வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஓம் பிள்ளை, நல்லா உரிச்சனான்." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. அப்படியென்றால் பதக்கத்துக்கு ஏன் எழுதிக் கேட்கவில்லை என்று மல்லுக்கு நின்றேன். "கேட்டு வாங்கிறதுக்கு அது என்ன, கோயில்ல குடுக்கிற பொங்கல் புக்கையோ?" அதோடு கதை முடிந்தது. உங்களோடு கதைத்து யார்தான் வென்றார்கள்?

ஒரேயொரு விஷயம்தான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. வருடத்தில் ஒருநாள் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு பாலையூற்று மாதா கோயிலுக்குப் போவீர்கள். ஒரு மெழுகுதிரி கொளுத்துவீர்கள். நெற்றியில் விபூதியோடு நீங்கள் அங்கே நிற்பதைச் சனம் பார்க்கும். "ஐயா, நாங்கள் வேதக்காரரோ?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை. இது ஒரு சிநேகிதனுக்கு" என்றீர்கள். அம்மாவோ, எனக்கு மூச்சிழுப்பு வந்த காலத்தில் நீங்கள் வைத்த நேர்த்திக்கடன் என்றே இத்தனை காலமும் நம்பிக்கொண்டிருந்தார்.

உங்கள் செத்தவீட்டன்று, உங்களைக் கிடத்தியிருக்கும்போதே, தூரத்து மச்சான் ஒருவர் முற்றத்தில் கதிரை போட்டுக்கொண்டு சொன்னார்: "பட்டாளம் எண்டாலும் குசினிப் பட்டாளம்தானே." என் காதில் விழ வேண்டுமென்றே சொன்ன மாதிரி இருந்தது. அன்றைக்குத் தீர்மானித்தேன். பதக்கத்தை வாங்கி உங்கள் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

கொழும்பில் உள்ள பட்டாளக் கந்தோருக்கு எழுதினேன். உங்களோடு நின்ற ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். உங்களோடு நின்றவர்களில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான் மிச்சம்: செத்தவீட்டில் வேலிக்கரையில் தனியாக நின்று தேம்பிய காசிம் மாமா. கிண்ணியாத் துறையில், வாகனமும் சனமும் ஏறுகிற தட்டையான தோணியில் அக்கரைக்குப் போய் அவர் வீட்டைக் கேட்டுப் பிடித்தேன்.

பனங்கட்டியோடு தேத்தண்ணி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு ஏலா, மகள்."

"ஏன் மாமா? ஐயா பீரங்கியடியில நிண்டவர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாமலா? அந்தோனிக்கு இல்லாதது எங்களுக்கும் வேணாம் எண்டு ஒங்கட ஐயாவும் நானும் பேசி வெச்ச. அவர் மௌத்தாப் போனா அந்தப் பேச்சு இல்லையெண்டு ஆகுமா?"

பிறகு மெதுவாகச் சொன்னார். துறைமுக வாயில் மலையில் ஒரே பீரங்கியில் மூன்று பேர்: நீங்கள், அவர், பாலையூற்று அந்தோனி. யப்பான்காரன் குண்டு போட்ட அன்று உங்களுக்குக் குசினி முறை. அந்தோனி மாமா விழுந்ததைக் கண்டு நீங்கள் ஓடிவந்து அவருடைய இடத்தில் நின்றீர்களாம். "கையில கிழங்குத் தோல் ஒட்டியிருக்கு. அந்தக் கையாலதான் ஒங்கட ஐயா குண்டு தூக்கித் தந்தார்" என்று சொல்லிவிட்டுக் காசிம் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆக, கிழங்கு உரித்தது உண்மை. சிநேகிதன் விழுந்தபோது நீங்கள் குசினியில் இருந்ததும் உண்மை. அந்தக் கேலியை ஒருநாளும் நீங்கள் மறுக்காமல் விட்டது அதனால்தானா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா ஐயா?

யுத்தம் முடிந்ததும் இருவரும் அந்தோனி மாமாவின் தாயிடம் போய், சேர்ந்து எழுதிக் கேட்போம் என்றிருக்கிறீர்கள். அந்த மனுஷி கதவைச் சாத்திவிட்டாவாம். அதற்குப் பிறகு நீங்களும் கேட்கவில்லை, காசிம் மாமாவும் கேட்கவில்லை.

"அப்ப இப்ப மூண்டு பேருக்கும் கேப்பமே, மாமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தோனிட தங்கச்சி ஒருத்தி கோயிலடியில இருக்கிறா. அவ ஓமெண்டா நானும் ஓம்."

அந்தத் தங்கச்சி, திரேசம்மா மாமி, வீட்டு வாசலில் போய்க் கதவைத் தட்டினேன். அவரும் கதவைச் சாத்தினால்? ஆனால் உங்கள் பெயரைச் சொன்னதுமே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். வருடா வருடம் மெழுகுதிரி கொளுத்திய சைவக்கார ஐயாவை அவருக்கு நன்றாகத் தெரியுமாம்.

"அம்மா கதவைச் சாத்தினது உங்கட ஐயாமாரில கோவத்தில இல்லைப் பிள்ளை. அதைக் கையில வாங்கினா, அண்ணன் செத்தது உண்மை எண்டு ஒத்துக்கொள்ளோணும். அவவுக்கு அது ஏலாமப் போச்சு. சாகும்வரைக்கும் அண்ணனுக்கு ஒரு கோப்பை சோறு மூடி வைச்சவ." பிறகு என் கையை விடாமலே, "எழுதுங்கோ" என்றார்.

காசிம் மாமா சாட்சிக் கையெழுத்து வைக்க, மூன்று பேருக்கும் எழுதிப் போட்டேன். பதக்கங்கள் வந்து சேரும்வரை எனக்குப் பொறுமை போதவில்லை. வந்தபோதும் நான் திறக்கவில்லை. உங்கள் திவசத்தன்று மூவரும் ஒன்றாகத் திறப்பது என்று பேச்சு. காசிம் மாமாவும் திரேசம்மா மாமியும் தங்கள் பெட்டிகளோடு வந்தார்கள். படைத்ததைக் காசிம் மாமா சாப்பிடமாட்டார் என்று, படைக்க முதலே அம்மா அவருக்குச் சோறு கறி எடுத்துப் புறம்பாக மூடி வைத்துவிட்டார். இந்த விஷயத்தில் அம்மாவை மிஞ்ச ஆளில்லை.

பெட்டியைத் திறந்தோம். ஒரு பக்கம் அரசரின் தலை, மறுபக்கம் ஒரு சிங்கம். "இவ்வளவு நாள் நித்திரை முழிச்சு எழுதினதுக்கு இதோ?" என்றார் அம்மா. நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மூன்றையும் காணவில்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தால், அம்மா நாடாக்களைக் கழற்றிவிட்டு, மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுப் புளியால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! "படையலில வைக்கிற சாமானைத் துலக்காம வைக்கிறதோ?" என்று என்மேலேயே பாய்ந்தார்.

காசிம் மாமா ஒவ்வொன்றாக விளிம்பைத் திருப்பிப் பார்த்தார். பெயர் இல்லை, இலக்கம் இல்லை. எது யாருடையது என்று லண்டனில் இருந்து ஆள் வந்தாலும் சொல்ல முடியாது. இத்தனை பாடுபட்டு உங்கள் பதக்கத்தை வாங்கி, கடைசியில் புளிச்சட்டியில் தொலைத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

காசிம் மாமாதான் முதலில் சிரித்தார். "விடுங்க மகள். ஒருத்தன்ட எடத்தில ஒருத்தன் நிண்ட ஆக்கள்தானே நாங்க."

மூன்றும் உங்கள் படத்துக்கு முன்னால் ஒரே தட்டத்தில் இருந்தன. பிறகு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். உங்கள் படத்தின் கீழே இப்போது இருப்பது உங்களுடையதோ, அந்தோனி மாமாவுடையதோ, காசிம் மாமாவுடையதோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் போய்விட்டது.

இனி ஒவ்வொரு திவசத்துக்கும் அந்த மூன்றும் ஒரே தட்டத்துக்கு வந்து சேரும், ஐயா. பாலையூற்று மெழுகுதிரியை இனி நான் கொளுத்துவேன். அந்தத் தூரத்து மச்சான் மறுபடி வாய் திறந்தால் பதக்கத்தைக் காட்டமாட்டேன். "ஓம், ஐயா நல்லா உரிச்சவர்" என்று சொல்லிச் சிரிப்பேன்.

உங்கள் சைக்கிள் பாரில் இருந்து வளர்ந்த
மூத்த மகள்,
மகேஸ்