மகளுக்கென்று வாங்கியவை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பாய்லர் பார்க்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் தட்டச்சுக்கு இருபத்திரண்டு கடிதங்கள். டொக்டர் ஒருவர் இருமிக்கொண்டே குரல் பதிவு செய்திருக்கிறார். பாதி நோயாளி, பாதி இருமல்.

வேலை முடிந்து, ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் ஜப்பான்காரி கெய்கோவின் பொம்மைச் சாமான் கடைக்கு. இனிப் போவதில்லை என்று போன வாரம்தான் முடிவு. வாங்கியவை:

– தூங்கும் முயல் வடிவில் பென்சில் அழிறப்பர்
– பாண் துண்டுக்கு முகம் வைத்த ஒட்டுத்தாள்
– சோற்று உருண்டைக்குக் கண் வாய் வைத்த காலுறை. பெரியவர் அளவு. எனக்கு.

கெய்கோ பொதி சுற்றிக்கொண்டே, "இது துளசிக்குப் பிடிக்குமா?" என்றார்.

"நன்றாகப் பிடிக்கும்."

துளசி என்று யாரும் இல்லை.

எழுதிவிட்டேன். மூன்று வருடமாக இந்தக் கொப்பியில்கூட எழுதாத வசனம். எனக்கு வயது நாற்பத்துநான்கு. பிள்ளை இல்லை. மூன்று வருடத்துக்கு முன், முதல் நாள், கடையின் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். கெய்கோ வந்து "யாருக்கு?" என்று கேட்டார். "மகளுக்கு" என்றேன். வயது? எட்டு. பெயர்?

அந்த இடத்திலாவது யோசித்திருக்கலாம். கரனும் நானும் பிள்ளைக்காக நான்கு தரம் சிகிச்சைக்கு அலைந்த காலத்தில், பெண் என்றால் வைக்க என்று பேசி வைத்த பெயர். நான்காவதும் சரிவராமல் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவரும் அதை உச்சரித்ததில்லை. அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தேன். ஒரு அழிறப்பருக்காக.

மார்ச் 6, வியாழன்

வெயில், ஆனால் பல் கிட்டும் குளிர். கரன் வேலையால் வர ஏழு ஆகும். துவாய் அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, அங்கே ஒளித்து வைத்த எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பிறகு திரும்ப அடுக்கினேன். களவு எடுத்தவள் மாதிரி, வாசல் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி.

ஏன் பிடிக்கிறது? கெய்கோ ஒருநாள் விளக்கினார். ஜப்பானில் கவாயீ என்றால் வெறும் வடிவு, அழகு என்பது இல்லையாம். எல்லாம் சரியாக இருந்தால் அது வராதாம். தலை கொஞ்சம் பெரிது, கை கொஞ்சம் குட்டை, ஒரு கண் விலகி. பார்த்ததும் ஐயோ பாவம் என்று கையில் எடுக்கத் தோன்ற வேண்டும். அவர் ஊரில் வீதி வேலை நடக்கும் இடத்தில் தடுப்புக்கம்பிகூட முயல் வடிவில் நிற்குமாம். பொலிசுக்கும் ஒரு பொம்மை முகம் உண்டாம்.

எங்களிடம் 'செல்லம்' இருக்கிறது. ஆனால் அது பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வது. கையில் பிள்ளை இல்லாதவள் அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கெய்கோ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பெண்பிள்ளைகள் எழுத்தை உருட்டி, நடுவில் நட்சத்திரம் இதயம் எல்லாம் போட்டு எழுதத் தொடங்கினார்களாம். ஆசிரியர்கள் தடை போட்டார்களாம். கெய்கோ ஒரு விடைத்தாளை முழுவதும் திரும்ப எழுதியிருக்கிறார். "உங்கள் தமிழ் எழுத்து பிறக்கும்போதே உருண்டை, கொடுத்து வைத்தவர்கள்" என்று சிரித்தார். துளசியின் பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வடிவாக, நிறுத்தி நிதானமாக.

மார்ச் 8, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ரதி மச்சாளுடன் சீலைக்குப் பிளவுஸ் துணி எடுக்கப் போனேன். கரனின் அக்கா. இங்கே நாங்கள் தும்மினால், தொலைவில் வால்தம்ஸ்டோவில் இருப்பவர்களைச் சுகம் விசாரிக்க வைக்கும் வாய். திரும்பும்போது மழை கொட்டியது. பஸ் இல்லை.

"வாசுகி, இதுக்குள்ள ஏறி நிப்பம்."

கெய்கோவின் கடை. "வேண்டாம் மச்சாள், நனைஞ்சாலும் பரவாயில்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

"என்னடி இது, உருளைக்கிழங்குக்குக் கண் வைச்சிருக்கு! பெரிய மனுசரும் வாங்குவினமோ இதுகளை?"

நான் காலுறையை நினைத்தேன்.

கெய்கோ உள்ளிருந்து ஓடி வந்தார். "துளசியின் அம்மா! நல்ல நேரம் வந்தீர்கள்." கையில் ஒரு பென்சில் பை. "செப்டெம்பரில் பெரிய பள்ளிக்கூடம் அல்லவா? நானே தைத்தேன்." மஞ்சள் துணி, மூலையில் ஒரு முயல், நடுவில் பச்சை நூலில் 'துளசி'. தமிழில். 'சி'யின் வால் மட்டும் கொஞ்சம் நீளம்.

மச்சாள் அதை வாசித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்கள் அவளுக்கு என்ன உறவு?" என்று கெய்கோ மச்சாளைக் கேட்டார்.

மச்சாள் பையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில், கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்: "தகப்பனின் அக்கா. நன்றாக வளர்ந்துவிட்டாள். மரக்கறி மட்டும் தொடமாட்டாள்."

பஸ்ஸில் ஏறி இரண்டு தரிப்பிடம் தாண்டியது. பிறகு மச்சாள், ஜன்னலைப் பார்த்தபடி:

"அந்தப் பேர் எனக்குத் தெரியும். கடைசித் தரமும் சரிவராமப் போன அண்டைக்குத் தம்பி கார்ப் பார்க்கில நிண்டு எனக்குப் போன் எடுத்தவன். பேரைச் சொல்லிச் சொல்லி அழுதவன்."

எனக்குத் தெரியாது. அன்று நான் ஆஸ்பத்திரிக்குள் இருந்தேன். கரன் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"நீ பேரை வைச்சு விளையாடுறது அவனுக்குத் தெரியுமோ?"

"இல்லை மச்சாள்."

"நீயே சொல்லு. என்ர வாயை உனக்குத் தெரியும்தானே. எந்தக் கலியாண வீட்டில வடையோட சேர்ந்து வெளிய வருமோ தெரியாது."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இறங்கும்போது என் குடையை விரித்துத் தந்தார்.

மார்ச் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலையிடி என்றேன். கரன் ரசம் வைத்தார், உப்புக் கூட. நல்லா இருக்கு என்று குடித்தேன். இரண்டு தரம் சொல்ல வாயெடுத்தேன். ஒருதரம் காஸ் பில்லைப் பற்றிக் கேட்டேன். மற்றத்தரம் எழும்பிப்போய்க் கோப்பை கழுவினேன்.

மார்ச் 11, செவ்வாய்

முதலில் கெய்கோவிடம். அவரிடம் சொல்ல ஏலாவிட்டால் கரனிடம் எப்படி?

கடையில் வேறு ஆள் இல்லை. பையை மேசையில் வைத்தேன். "எனக்கு மகள் இல்லை. எல்லாம் எனக்குத்தான் வாங்கினேன். நீங்கள் யாருக்கு என்று கேட்டபோது, இந்த வயதில் எனக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

கெய்கோ சொன்னார்: "பரிசுத்தாள் சுற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எங்கள் ஊர்க் கடைகளில் எல்லோரையும் கேட்போம்."

பரிசுத்தாள்.

"இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் வயது. ஒரு வக்கீல் வருவார், கோட் பையில் எப்போதும் ஒரு கரடி. எனக்கு என்று சொல்லியிருந்தால் சாதாரணத் தாளில் சுற்றியிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தை, அந்த நாலு பேரில் ஒருவராக இல்லாத ஒரே ஆளிடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறேன்.

சிரித்து முடித்துவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. கீழே குனிந்து ஒரு பெட்டியை எடுத்தார். துளசிக்கென்று எடுத்து வைத்தவை: ஒட்டுப்படங்கள், ஒரு சின்ன மணி, பூனைக்கால் கரண்டி. "ஒவ்வொரு சரக்கு வரும்போதும் அவளை நினைப்பேன்" என்றார். "அந்தப் பெயர் யாருடையது?"

சொன்னேன். நான்கு தரம் நடந்ததையும் சொன்னேன்.

பெட்டியை மூடி உள்ளே வைத்தார். பையை மட்டும் என் பக்கம் தள்ளினார். "பெயர் தைத்ததை நான் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது." பரிசுத்தாள் சுற்றவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பும் வழக்கம் உண்டு, அதுவும் இன்றைக்கு இல்லை.

மார்ச் 12, புதன்

வெளியில் பனிமூட்டம். கரனுக்கு இன்று லீவு. நான் வேலைக்குச் சுகமில்லை என்று போன் எடுத்தேன், இன்னொரு பொய்.

காலைச் சாப்பாட்டு மேசையில் அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் பையை வைத்தேன். பேப்பரை எடுக்கக் கை நீட்டியவர் நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டார். வாசித்தார். விரலால் அந்த நீண்ட வாலை ஒருதரம் தடவினார்.

"ஆர் தைச்சது?"

"ஒரு ஜப்பான்காரி. எனக்காகத் தைச்சவ."

"அவவுக்கு எப்பிடி இந்தப் பேர் தெரியும்?"

"நான்தான் சொன்னனான், எங்கட மகள் எண்டு."

அவர் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். கதிரையை இழுத்து என் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"எத்தனை வயசெண்டு சொன்னனீர்?"

"இப்ப பதினொண்டு" என்றேன்.