விளக்குக் கண்ணாடியில் பூத்த உப்பு

உங்கள் சிவப்புத் துண்டு மறுபடியும் உப்பேறி விறைத்துக் கிடக்கிறது. இன்று காலை அதை மடிக்கும்போது உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் போன பிறகு நம் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளரும் பவளங்கள் பழுப்பேறின. முதலில் பச்சை விளிம்பு மங்கியது, அப்புறம் ஊதாவும் போய், தேங்காய் நார் நிறத்துக்கு வந்துவிட்டன. சாகவில்லை, விரிந்துதான் இருந்தன. நம் மகள் போனில், "நெறம் திரும்பலைன்னா கொச்சிக்காரர்கிட்டயே குடுத்துருவோம்மா. அவுகளாச்சும் காப்பாத்துவாக" என்றாள். தன் தொட்டியில் வளர்ந்ததை வெட்டி நமக்குத் தந்த நண்பர்தானே, நியாயமான பேச்சுதான். ஆனால் காரணம் தெரியாமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீரைச் சோதித்தேன், உப்பு சரியாக இருந்தது. தீனியைக் குறைத்தும் பார்த்தேன். அன்றும் தொட்டிக்குள் கை விட்டது நான்தான், இன்றும் நான்தான். பின்னே எது மாறியது?

கம்பம் ஊர்த் தோட்டத்தில் திராட்சைக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவிட்டு, அந்தக் கையை ஒருமுறை தொட்டிக்குள் விட்டீர்களே, நினைவிருக்கிறதா? துத்தத்தில் இருக்கும் செம்பு பட்டு இறால்கள் செத்து மிதந்தன, பவளங்கள் பல நாள் விரியவே இல்லை. "கொடியக் காப்பாத்துற மருந்து இங்கன வெசமாப் போச்சே!" என்று அதிசயப்பட்டுக்கொண்டே இருந்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் கை தண்ணீரில் படக்கூடாது என்று நான் சட்டம் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் புதுப் பழக்கம் வந்தது. சாயங்காலமானால் தொட்டியின் மேல்விளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் துடைத்தபடி உட்கார்ந்திருப்பீர்கள்.

"வெளக்கத் தொடச்சா பவளம் வளருமாக்கும்?" என்று கிண்டல் செய்வேன்.

"தண்ணிக்குள்ளதான் விடமாட்டேங்குற. இதையாச்சும் தொட்டுக்கிறேன், விடு புள்ள."

போன மாதம் அந்த விளக்கை நானே கழற்றினேன். கண்ணாடி சொரசொரத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு! தண்ணீரில் குமிழி உடையும்போதெல்லாம் தெறித்த துளிகள் காய்ந்து திரைபோலப் படிந்திருந்தன. "வெளிச்சம் கொறஞ்சா பவளத்துக்குள்ள குடியிருக்குற பாசி பெருகி, பழுப்படிச்சிரும்" என்று நீங்கள் சொன்னதுதான். விளக்குத்தான் எரிகிறதே என்று நான் மேலே பார்க்கவே இல்லை.

ஒரேயடியாகத் துடைத்து முழு வெளிச்சம் விட்டால் பவளம் வெளிறிவிடும். அதனால் முதலில் ஓர் ஓரம், சில நாள் கழித்து இன்னும் கொஞ்சம் என்று உங்கள் துண்டாலேயே துடைத்து வந்தேன். இன்று காலை ஒரு பவளத்தின் விளிம்பில் நூல் கனத்தில் பச்சை தெரிந்தது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். பச்சைதான். மகளைக் கூப்பிட்டு, "கொச்சிக்கெல்லாம் ஒண்ணும் போகல" என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றுதான் இன்னும் குடைகிறது. உப்புப் படியும் என்று தெரிந்துதான் துடைத்தீர்களா, இல்லை அந்தத் தொட்டியில் உங்களுக்கென்று ஏதாவது ஒரு வேலை வேண்டும் என்றா? நீங்கள் இருந்தபோது கேட்கத் தோன்றவில்லை. இப்போது சாயங்காலமானால் விளக்கை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்காருகிறேன். கிண்டல் செய்யத்தான் ஆள் இல்லை.